அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் பெற்றோரின் மன அழுத்தமும் பிள்ளைகளின் உடல் பருமனும்

அட்லாண்டாவில் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத என் சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, கறுப்பினப் பிள்ளைங்ககிட்ட உடல் பருமன் ஜாஸ்தின்னு சொல்றாங்க. நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா 'அவங்க சாப்பாடு அப்படி'ன்னு முடிச்சிடறாங்க. ஆனா பெத்தவங்களோட டென்ஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒரு பயிற்சியில சொன்னாங்க. அது எப்படிக்கா? அவங்க அந்த டென்ஷனைச் சமாளிக்கிற விதமும் இதுல சேருமா?" அதே நகரில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் பல ஆண்டுகள் உணவியல் ஆலோசகராக இருந்தவள் நான். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

சம்பந்தம் இருக்கிறது. சமாளிக்கும் விதமும் சேரும். சொல்லப்போனால் நாம் அதிகம் கவனிக்கத் தவறும் பகுதி அதுதான். ஆனால் 'சாப்பாடா, டென்ஷனா' என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டால் விடை வராது. இரவு எட்டு மணிக்குப் பிள்ளையின் தட்டில் என்ன விழுகிறது என்பதை, அன்று காலையிலிருந்து அதன் தாய் என்னென்ன தாங்கினாள் என்பது பெரிதும் முடிவு செய்துவிடுகிறது. தாய் என்று சொல்வது வசதிக்காக. சில வீடுகளில் அது அப்பா, பல வீடுகளில் பாட்டி.

முதலில் அளவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 முதல் 2020 மார்ச் வரை எடுத்த அளவீட்டில், 2 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 19.7 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் 24.8, ஹிஸ்பானியப் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளில் 26.2, வெள்ளையரில் 16.6, ஆசிய வம்சாவளியினரில் 9.0 சதவீதம். ஒரே வயதும் பாலினமும் கொண்ட நூறு பிள்ளைகளை பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) வரிசையில் நிறுத்தினால் 95-ஆவது இடத்திலோ அதற்கு மேலோ வருவதைத்தான் இங்கே பருமன் என்கிறார்கள். அந்த வரிசை 1960களுக்கும் 90களுக்கும் இடையே எடுத்த அளவுகளை வைத்து வரைந்தது. அதனால்தான் ஐந்து பேர் நிற்க வேண்டிய இடத்தில் இன்று இருபது பேர் நிற்கிறார்கள்.

'அவங்க சாப்பாடு அப்படி' என்பதை நான் ஏற்கவில்லை. கறுப்பின மக்களின் மரபுச் சமையலில் இருப்பது காலர்ட் கீரை, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நம் வீட்டுக் காராமணி. வெண்டையும் காராமணியும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை. அடிமைக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்க மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தவை. பொரித்த கோழியும் மாக்கரோனி சீஸும் அந்தச் சமையலில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமை விருந்துப் பண்டங்கள். நான் பார்த்த பிள்ளைகளின் எடையைக் கூட்டியவை வார நாள்களில் பொட்டலத்திலிருந்து பிரித்த நகெட்ஸ் (பொரித்த கோழித் துண்டுகள்), பாட்டில் ஜூஸ், காரில் உட்கார்ந்தபடியே ஜன்னலில் வாங்கிய பர்கர். பாட்டியின் கீரைச் சட்டி அடுப்பில் ஏற நேரம் இல்லாத வீடுகளில்தான் இவை நுழைந்தன.

அந்த நேரம் எங்கே போனது என்று கேட்டால் பணத்திலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க மத்திய வங்கியின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பம் ஒன்றின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். வருமானம் ஓரளவு இருந்தாலும் பின்னால் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை என்று அர்த்தம். கார் பழுதானால் வேலைக்குப் போக வழியில்லை, பல் வலி வந்தால் அந்த மாத வாடகை தள்ளிப்போகும். 2023-இல் நாட்டில் 13.5 சதவீத வீடுகளுக்கு உணவு உறுதியில்லை. கறுப்பின வீடுகளில் அது 23.3 சதவீதம். மாதக் கடைசியில் காலியாகும் அலமாரியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, முதல் தேதியில் அலமாரி நிறையும்போது நிதானமாகச் சாப்பிடாது. பசியும் பருமனும் ஒரே வீட்டில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

இந்த நெருக்கடி பிள்ளையை நேராகத் தொடுவதைவிடப் பெற்றோரின் வழியாகத்தான் அதிகம் தொடுகிறது. உளவியலாளர் வானி மெக்லாய்ட் 1990-இல் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக வரைந்து காட்டியது: வறுமையும் வேலை இழப்பும் பெற்றோரின் மனத்தை நொறுக்குகின்றன, நொறுங்கிய மனத்தில் பொறுமையும் கனிவும் குறைகின்றன, பிள்ளை அனுபவிப்பது அந்தக் குறைவை. ஏழைத் தாய் மோசமான தாய் என்று அதற்குப் பொருள் இல்லை. பொறுமை என்பதும் செலவாகித் தீரும் ஒரு பொருள். வேலையிடத்தில், பேருந்தில், வாடகை அலுவலகத்தில் அதைச் செலவழித்துவிட்டு வருபவளிடம் வீட்டுக்கு மிச்சம் குறைவு.

இதோடு நிற்கவில்லை. இனப்பாகுபாடு தனிச் சுமை. பொதுச் சுகாதார ஆய்வாளர் அர்லீன் ஜெரோனிமஸ் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் வெளிறி வெடிப்பது போல, கறுப்பினப் பெண்களின் உடல் இளம் வயதிலேயே தேய்கிறது என்று. 2006-இல் இரத்த அழுத்தம், இரத்தச் சோதனை அளவுகள் போன்றவற்றைக் கூட்டிப் பார்த்து அவர் குழுவினர் வெளியிட்ட முடிவு என்னை உலுக்கியது. தேய்மானம் மிக அதிகமாக இருந்தது ஏழைக் கறுப்பினப் பெண்களிடம். இரண்டாம் இடத்தில் இருந்தவர்கள் ஏழைகளாக இல்லாத கறுப்பினப் பெண்கள். ஏழை வெள்ளைக்காரப் பெண்கள் அவர்களுக்கும் கீழேதான். படித்து, சம்பாதித்து, நல்ல வீடு வாங்கிய பிறகும் அந்தச் சுமை முழுதாக இறங்கவில்லை. கறுப்பினக் குடும்பங்களின் மன அழுத்தத்தை வெறும் வறுமைக் கணக்காகப் பார்த்தால் பாதியைத் தவறவிடுவோம்.

இனி வீட்டுக்குள் போகலாம். 2012-இல் தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் 2,119 பெற்றோரின் தகவல்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை வந்தது. அதில் எனக்குப் பிடித்தது அழுத்தத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. பணமுடை, உடல்நலக் குறைவு, துணையின்றித் தனியாகப் பிள்ளை வளர்ப்பது என்று ஒருவர் தலையில் எத்தனை சுமைகள் இருக்கின்றன என்று எண்ணுவது ஒன்று. அவருக்கே எவ்வளவு அழுத்தமாகத் தோன்றுகிறது என்று கேட்பது மற்றொன்று. சுமைகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பிள்ளைகளிடம் பருமன் அதிகம். அழுத்தம் அதிகம் என்று உணர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் ஃபாஸ்ட் ஃபுட் அதிகம் சாப்பிட்டார்கள். வெளியே இருப்பதும் உள்ளே உணர்வதும் வேறு வேறு கதவுகள் வழியே ஒரே பிள்ளையை வந்தடைகின்றன.

ஒரே நாளுக்குள் இது எப்படி நடக்கிறது என்று காட்டியவர் அப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் ஜெரிகா பெர்கி. மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 150 குடும்பங்கள்: கறுப்பின அமெரிக்கர், சோமாலியர், ஹ்மாங் (தென்கிழக்கு ஆசிய மலைவாழ் இனம்), ஹிஸ்பானியர், பூர்வகுடியினர், வெள்ளையர். எல்லா வீட்டிலும் 5 முதல் 7 வயதுக்குள் ஒரு பிள்ளை. பெற்றோரிடம் கருவியைக் கொடுத்து ஒரு நாளில் பல முறை கேட்டார்கள்: இப்போது எவ்வளவு அழுத்தமாக இருக்கிறீர்கள்? பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்? பகலில் அழுத்தமோ மனச்சோர்வோ கூடிய நாள்களில், அன்றிரவு 'சாப்பிடு, சாப்பிடு' என்று வற்புறுத்துவதும், கடையில் வாங்கியதையோ பொட்டலத்தில் வந்ததையோ பரிமாறுவதும் கூடியது. அதே தாய், அதே வீடு, அதே பிள்ளை. மாறியது அன்றைய பகல் மட்டும். 'அந்தத் தாய்க்குச் சத்துணவு பற்றித் தெரியவில்லை' என்ற விளக்கம் இங்கே நிற்காது. செவ்வாய்க்கிழமை தெரிந்திருந்தது புதன்கிழமை மறந்துபோகாது.

வற்புறுத்துவது ஏன் கெடுதல் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். ஊட்டி ஊட்டி வளர்த்த கைகள் நமக்கு. குழந்தைக்குப் பசி அடங்கியதும் நிறுத்தும் திறன் பிறவியிலேயே இருக்கிறது. 'தட்டைக் காலி பண்ணினால்தான் எழுந்திருக்கலாம்' என்று தினமும் கேட்டு வளரும் பிள்ளை, வயிற்றைக் கவனிப்பதை விட்டுத் தட்டைக் கவனிக்கப் பழகுகிறது. எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. லீயன் பிர்ச் 1999-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தடை போட்டால் பிள்ளைகளுக்கு அதன் மேல் ஆசை பெருகுவது தெரிந்தது. களைத்த பெற்றோர் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டும் மாறி மாறித்தான்: ஒரு நாள் அதட்டல், மறுநாள் 'இந்தா, அழாம இரு' என்று சிப்ஸ் பொட்டலம். அழுகைக்கு மருந்து தின்பண்டம் என்று பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது.

அட்டவணை குலைவதும் முக்கியம். 2010-இல் சாரா ஆண்டர்சனும் ராபர்ட் விட்டேக்கரும் நான்கு வயதுப் பிள்ளைகள் 8,550 பேரின் தகவல்களில் மூன்று பழக்கங்களைப் பார்த்தார்கள்: வாரத்தில் ஐந்து நாளுக்கு மேல் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு, இரவில் பத்தரை மணி நேரத் தூக்கம், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரை. மூன்றும் இருந்த பிள்ளைகளில் பருமன் 14.3 சதவீதம், ஒன்றும் இல்லாதவர்களில் 24.5 சதவீதம். இவை மூன்றுக்கும் வேண்டியது காசைவிட, நாளைக்கு எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று இன்றைக்கே தெரிந்திருப்பது. உணவகத்திலும் சில்லறைக் கடையிலும் முதியோர் இல்லத்திலும் ஷிஃப்ட் வாராவாரம் மாறும் தாய்க்கு அது தெரியாது.

பிள்ளையின் உடலுக்குள்ளும் ஒரு வேலை நடக்கிறது. வீட்டில் நெருக்கடி நீடித்தால் பிள்ளைக்கும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பு நிலை தவறும், தூக்கம் கெடும். நீண்ட கால அழுத்தத்தில் கார்டிசால் இனிப்பையும் கொழுப்பையும் தேட வைக்கிறது, வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்கிறது. மேரி டால்மன் 2003-இல் எலிகளை வைத்து எழுதியதன் சாரம்: கொழுப்பும் சர்க்கரையும் உள்ள உணவு மூளையின் அழுத்தச் சங்கிலியை உண்மையாகவே தணிக்கிறது. 'ஆறுதலுக்குச் சாப்பிடுவது' வெறும் பேச்சுவழக்கு இல்லை. ஆறுதல் கிடைக்கிறது, விலையும் கிடைக்கிறது.

இங்கேதான் சமாளிக்கும் விதம் உள்ளே வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஜாக்சன் ஒரு புதிரோடு பல்லாண்டு போராடினார். கறுப்பின மக்களுக்கு இத்தனை நெருக்கடி இருந்தும், மருத்துவ அளவுகோலில் பெரும் மனச்சோர்வு நோய் வெள்ளையரைவிட அவர்களிடம் அதிகமாக இல்லை. உடல் நோய்களோ மிக அதிகம். ஏன்? 2010-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட விளக்கம் இது. கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஆறுதல்களான கொழுப்பும் இனிப்பும் நிறைந்த உணவு, சிகரெட், மது ஆகியவை அழுத்தத்தின் கூர்மையை மழுக்குகின்றன. மனம் தப்பிக்கிறது, உடல் கட்டணம் செலுத்துகிறது. அவர்கள் பார்த்த தகவல்களில், நெருக்கடி கூடியபோது இந்தப் பழக்கங்கள் உள்ள கறுப்பினத்தவரிடம் மனச்சோர்வு நெருங்குவது குறைந்தது. வெள்ளையரிடம் நேர்மாறாக இருந்தது. சுற்றிலும் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைக் கொண்டுதான் மனிதர் சமாளிப்பார். உடற்பயிற்சிக் கூடமும் மனநல ஆலோசகரும் இல்லாத தெருவில் மூலைக்கு ஒரு பொரித்த கோழிக் கடை இருந்தால், ஆறுதல் அங்கேதான் விற்கும். அந்த ஆறுதலைத் தூக்கியெறியச் சொல்லும் நாம் அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது விதம், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் 1970களின் இறுதியில் வட கரோலினாவில் ஒரு முதிய கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின். விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் உழும் குத்தகைக் குடும்பத்தில் பிறந்து, தானாகவே எழுதப் படிக்கக் கற்று, 75 ஏக்கர் நிலம் வாங்கி நாற்பது வயதுக்குள் கடனையும் அடைத்தவர். ஐம்பதுகளில் அவருக்கு இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றுப் புண்; இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கறுப்பின நாட்டுக்கதையிலும் ஒரு ஜான் ஹென்றி உண்டு: ரயில் பாதை வேலையில் நீராவித் துளை இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்து, கையில் சம்மட்டியோடு செத்து விழுந்தவன். ஷெர்மன் ஜேம்ஸ் தன் கருத்துக்கு 'ஜான் ஹென்றியிசம்' என்றே பெயர் வைத்தார். வசதி குறைந்த இடத்திலிருந்து ஓயாமல் முட்டி மோதி மேலேறுவதற்கு உடல் கொடுக்கும் விலை அது.

பெண்களிடம் இதற்கு வேறு முகம். செரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே 2010-இல் கறுப்பினப் பெண்களோடு பேசி அதை வரைந்தார்: எப்போதும் வலிமையாகத் தோன்ற வேண்டும், உணர்ச்சியை விழுங்க வேண்டும், பிறரைச் சார்ந்திருக்கக் கூடாது, எப்படியும் ஜெயிக்க வேண்டும், மற்றவர்களைத் தாங்க வேண்டும். அந்தப் பெண்களே அதன் விளைவுகளையும் சொன்னார்கள்: தூக்கமின்மை, இரவில் தனியாகச் சாப்பிட்டு ஆற்றிக்கொள்வது, தன் உடம்பைக் கடைசியில் கவனிப்பது. கிளினிக்கில் இந்தத் தாய்மாரை நான் தினமும் பார்த்தேன். 'எப்படி இருக்கீங்க' என்றால் 'நல்லா இருக்கேன் மேம், கடவுள் கிருபை' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அவர்களை அடக்கமானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உதவி கேட்டால் 'பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்' என்று எழுதிவிடுவார்களோ, பிள்ளையையே கொண்டுபோய்விடுவார்களோ என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருப்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஜார்ஜியாவின் கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஜீன் பிராடி குழு 2013-இல் சொன்னது மனத்தை விட்டு அகலாதது. மிக வசதி குறைந்த குடும்பங்களில் பிறந்தும் ஆசிரியர்கள் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று மதிப்பிட்டவர்கள் 19 வயதில் நல்ல நிலையில் இருந்தார்கள். மனச்சோர்வு குறைவு, வம்பு குறைவு. ஆனால் இரத்த அழுத்தம், அழுத்த ஹார்மோன்கள், பிஎம்ஐ ஆகியவற்றைக் கூட்டிக் கணக்கிட்ட உடல் தேய்மானம் அவர்களுக்கு அதிகமாக இருந்தது. மீண்டெழுந்தது தோலளவில் மட்டும், உள்ளே இல்லை. என் தங்கை ஆசிரியை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: உன் வகுப்பில் ஒரு தொந்தரவும் தராமல், வீட்டில் தம்பியையும் பார்த்துக்கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்கும் பெண் பிள்ளையின் உடம்பையும் கவனி.

இன்னொரு சமாளிப்பு, பிள்ளையை வெளியே விடாமல் இருப்பது. 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் பொழுதுபோக்கு மையத்தை ஒட்டிய பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயது டமிர் ரைஸை, வண்டியில் வந்திறங்கிய காவலர் சில விநாடிகளுக்குள் சுட்டார். மறுநாள் அவன் இறந்துபோனான். பூங்காவில் விளையாடும்போது. 'தினமும் ஒரு மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள்' என்று அச்சிட்ட தாளை நீட்டும்போது இந்தச் செய்தியைக் கேட்ட தாயின் நெஞ்சில் என்ன ஓடும்? தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் பகுதியென்றால் இரட்டைப் பயம். பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி டிவியைப் போட்டுக் கொடுப்பவள் முட்டாள்தனம் செய்யவில்லை. உயிரையும் எடையையும் தராசில் வைத்து உயிரைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த டிவியும் சும்மா இருப்பதில்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரட் மையம் கணக்கெடுத்தபடி, 2019-இல் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிட 75 சதவீதம் அதிகமாக ஃபாஸ்ட் ஃபுட் விளம்பரங்களைப் பார்த்தார்கள். டிவி பார்க்கும் நேரம் கூடுதல் என்பது ஒரு காரணம். கம்பெனிகள் அவர்களைக் குறிவைப்பது இன்னொன்று.

இதுவரை சொன்னதெல்லாம் சுமைப் பக்கம். காக்கும் சமாளிப்புகளும் அதே வீடுகளில் உண்டு, அவற்றின் பலம் பெரிது. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டம்மா, தேவாலயத்துச் சகோதரிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கும் மரபு கறுப்பின மக்களுடையது. பாட்டி வீட்டில் பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. (பாட்டி கையால் கொஞ்சம் கூடுதலாகவும் தின்னும், அதைப் பேசித் தீர்க்கலாம்.) பிராடியின் குழு இந்தப் பலத்தையே திட்டமாக்கியது. 'வலிமையான ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள்' என்ற பெயரில், 11 வயதுப் பிள்ளைகளும் வளர்ப்பவர்களும் வாரம் ஒன்றாக ஏழு சந்திப்புகள். அங்கே கலோரி பற்றிப் பேச்சே இல்லை. கனிவோடு கண்டிப்பது எப்படி, பிள்ளை எங்கே யாரோடு இருக்கிறது என்று அறிந்து வைப்பது எப்படி, இனவெறியைச் சந்தித்தால் என்ன செய்வது என்று பிள்ளையிடம் பேசுவது எப்படி, இவ்வளவுதான். எட்டு ஆண்டுகள் கழித்து, 19 வயதில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அந்தச் சந்திப்புகளுக்கு வந்தவர்களின் உடலில் அழற்சிக் குறியீடுகள் (நீடித்தால் நோய்க்கு வழிவிடும் உள் வீக்கத்தின் அடையாளங்கள்) மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. 2014-இல் வந்த அந்த முடிவில் அழற்சி மிகக் குறைவாக இருந்தது, பயிற்சிக்குப் பிறகு பெற்றோரிடம் கனிவு கூடி அதட்டல் குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம். பெற்றோரின் கனிவு எட்டு ஆண்டுகள் கழித்து இரத்தத்தில் தெரிகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம், பிள்ளையின் சாப்பாட்டையும் ஓட்டத்தையும் மட்டும் பிடித்துத் திருத்தப் பார்த்த முயற்சிகள். 8 முதல் 10 வயதுக் கறுப்பினச் சிறுமிகளுக்காக மெம்ஃபிஸிலும் ஓக்லாந்திலும் இரண்டாண்டு நடந்த பெரிய சோதனைகளின் முடிவு 2010-இல் வந்தது. இரண்டு ஊரிலும் பிஎம்ஐ வித்தியாசம் எடுபடவில்லை. ஓக்லாந்தில் நடன வகுப்பு வைத்தார்கள். அங்கே சிறுமிகளின் கொலஸ்ட்ராலும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. நான் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறுமி நடனமாடிவிட்டுத் திரும்பிய வீட்டில் சுமை அப்படியே இருந்தது.

சுமையையே குறி வைத்த சோதனைகள் குறைவு. யேல் பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் வந்த சிறிய சோதனையில் 42 பெற்றோர். பிள்ளைகளுக்கு 2 முதல் 5 வயது. எல்லாருக்கும் சத்துணவு ஆலோசனை உண்டு. ஒரு பாதிக்கு மட்டும் எட்டு வாரம் மனத்தை நிதானிக்கும் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆலோசனை மட்டும் கேட்ட வீடுகளில் பிள்ளைகளின் பிஎம்ஐ சதமானம் (மேலே சொன்ன நூறு பேர் வரிசையில் அவர்கள் இடம்) ஏறியது. பயிற்சியும் பெற்ற வீடுகளில் ஏறவில்லை. 42 பேரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது என்றாலும் திசை சரி. இன்னும் பெரிய சான்று வேறு துறையிலிருந்து வந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு இருந்த 4,498 பெண்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த பகுதியில் மட்டுமே செல்லுபடியாகும் வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அளந்தபோது, சீட்டு கிடைத்த பிரிவில் பிஎம்ஐ 35-க்கு மேலுள்ள பெண்கள் ஏறத்தாழ 4.6 சதவீதப் புள்ளி குறைவு, நீரிழிவும் குறைவு. ஒருவரும் அவர்களுக்கு டயட் சொல்லிக் கொடுக்கவில்லை. பயமில்லாத தெரு கிடைத்தது, அவ்வளவுதான்.

மருத்துவத் துறையின் பக்கமும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பருமனுள்ள பிள்ளைக்கு 3 முதல் 12 மாதத்துக்குள் நேரில் குறைந்தது 26 மணி நேர ஆலோசனை வேண்டும் என்கிறது. அறிவியல் சரிதான். ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்கும் தாய்க்கு 26 மணி நேரம் என்றால் எத்தனை நாள் சம்பளம், எத்தனை பேருந்து, மேலாளரிடம் எத்தனை கெஞ்சல்? மருந்தே இன்னொரு சுமையாகிவிடும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பையன். தாய் இரவு ஷிஃப்டில் முதியவர்களைப் பராமரிப்பவர். என்ன சாப்பிட்டான் என்று எழுதி வர ஒரு நோட்டு கொடுத்தேன். மூன்று முறையும் வெறும் நோட்டு. கோப்பில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினேன். அந்தச் சொற்களுக்காக இன்றும் வருந்துகிறேன். நான்காவது முறை நோட்டைக் கேட்காமல், "நேத்து காலையில கண் முழிச்சதிலேர்ந்து சொல்லுங்க" என்றேன். நான்கு மணி நேரத் தூக்கம், இரண்டு பேருந்து, பாட்டி வீட்டிலிருந்து பையனை அழைத்தல், வழியில் நகெட்ஸ் வாங்குதல். "ஏன் அது?" என்று கேட்டேன். "மேம், அதைத் தின்னுற அரை மணி நேரந்தான் நாங்க ரெண்டு பேரும் சண்டையில்லாம சிரிக்கிற நேரம். அப்புறம் நான் வேலைக்குக் கிளம்பிடுவேன்" என்றார்.

அந்த அரை மணி நேரத்தைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. நகெட்ஸைத் தொடாமல் மற்றவற்றைத் தொட்டோம். சந்திப்புகளைச் சனிக்கிழமைக்கு மாற்றி, பாதியைப் போனிலேயே முடித்தோம், சம்பளம் போகவில்லை. பாட்டியையும் அழைத்துப் பேசி, அவர் வீட்டிலேயே இரவு எட்டரைக்குத் தூங்க வைக்க ஏற்பாடு செய்தோம். ஜூஸுக்குப் பதில் தண்ணீர் என்பது பாட்டியே சொன்ன யோசனை. கிளினிக்கின் சமூக சேவகர், தாய்க்கு நிலையான ஷிஃப்ட் கேட்டு ஒரு கடிதம் எழுத உதவினார். வாரம் இரண்டு நாள் கடைக்குப் போகாமல், பாட்டி சமைத்த காராமணியும் சோறும் கொண்டுபோய் அதே அரை மணி நேரத்தைப் பூங்கா பெஞ்சில் கழிக்க ஆரம்பித்தார்கள். தாய் கூடவே இருந்ததால் பயம் இல்லை.

ஓராண்டில் பையனின் எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. தாய்க்கு ஏமாற்றம். நான் வளர்ச்சி அட்டவணையை விரித்துக் காட்டினேன்: எடை அப்படியே நிற்க, உயரம் ஆறு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. வளரும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டியதில்லை. நின்றாலே போதும், பிஎம்ஐ கோடு தானாக இறங்கும். அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதோட காப்பி ஒண்ணு கிடைக்குமா மேம், அம்மாகிட்ட காட்டணும்" என்று கேட்டார்.